லியாங் வெறுமையாக விட்ட கேள்விகள்

1

எனக்கு விளங்காத ஒரு கேள்விக்கு "யா, யா" என்று தலையாட்டியதால்தான் சீன எஞ்சினியர்களுக்கு ஆங்கிலப் பரீட்சை வைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் என்னிடம் ஆங்கிலம் படித்தவர்கள் எவர் கையிலும் இந்தக் குறிப்பு அகப்படக்கூடாது என்பது என் பிரார்த்தனை.

சூரிச்சில் பிராவ் கெல்லர் என்ற அம்மையார் ஒரு மொழிப்பள்ளி நடத்துகிறார். அவரிடம் வேலை செய்த ஆங்கில ஆசிரியை அசல் இங்கிலாந்துக்காரி. போன வருடம் தை மாதம் பனிச்சறுக்கப் போய்க் காலை முறித்துக்கொண்டார். பிராவ் கெல்லரின் மேசை லாச்சியில் என் ஆசிரியப் பத்திரங்களின் பிரதி ஒன்று கிடந்தது. ஓர்லிகோன் பகுதியில் ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில் கோப்பை கழுவும் என்னைப் போன்றவன் நகரத்திலுள்ள மொழிப்பள்ளிகளுக்கெல்லாம் தன் பத்திரங்களைப் பிரதி எடுத்துக் கொடுப்பது, பட்டம் விடுகிற மாதிரி ஒரு பொழுதுபோக்கு. ஒருநாள் அந்த நூலை யாரோ பிடித்து இழுத்துவிட்டார்கள்.

போய் முன்னால் அமர்ந்தேன். அம்மையார் ஜெர்மன் மொழியில், மூச்சு விடாமல், நீண்ட கேள்வி ஒன்று கேட்டார். அதில் "பரீட்சை" என்பதும் "அனுபவம்" என்பதும் மட்டும் எனக்குப் பிடிபட்டன. மிச்சத்தை நான் ஊகித்தேன். "யா, யா," என்றேன். அவர் எழுந்து என் கையைக் குலுக்கினார். பிறகுதான், ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டபோது, நான் எதற்குச் சம்மதித்தேன் என்பது தெரிந்தது: வளர்ந்த எஞ்சினியர்களுக்கான சொற்களஞ்சிய வினாத்தாளும் ஒரு பந்தியை வாசித்து விடை சொல்லும் கிரகித்தல் வினாத்தாளும் நான் முன்பே பலமுறை தயாரித்திருக்கிறேன். வியாழக்கிழமைக்குள் புதிதாக ஒன்று தருவேன்.

வீட்டில் இதைச் சொன்னதும் மகள் சுகந்தி, வயது பத்து, பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"அப்பா, விளங்காட்டி 'வீ பிட்டே' எண்டு திருப்பிக் கேக்கோணும். கடையிலையும் யா, பள்ளிக்கூடத்திலையும் யா. என்ர ரீச்சரிட்டை போன மாசம் நீங்கள் யா சொன்னதிலை நான் இப்ப புல்லாங்குழல் பழகிறன்."

என் மனைவி மலர் சிரிக்கவில்லை. "குசினி வேலை போகாமல் பாத்துக்கொள்ளுங்கோ," என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தச் சீனர்களில் ஒருவரான லியாங் எங்கள் வீட்டுக்கு விடைபெற வந்தார். அவர் போன பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

2

விஷயம் இதுதான். சூரிச்சின் வடபகுதியில் உள்ள மின்னுற்பத்திக்கான ரேபைன் சுழலிகள் செய்யும் ஓர் இயந்திரத் தொழிற்சாலைக்குச் சீனாவிலிருந்து பதினொரு எஞ்சினியர்கள் ஒரு வருடப் பயிற்சிக்கு வந்திருந்தார்கள். இயந்திரங்களின் கைநூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில். வந்தவர்களுக்கு வாசித்தால் விளங்குமா என்பது தொழிற்சாலைக்குத் தெரிய வேண்டும். நூற்றுக்கு அறுபது புள்ளிக்குக் கீழே எடுப்பவரை இரண்டு கிழமைக்குள் திருப்பி அனுப்புவதென்று தொழிற்சாலையின் ஆளணிப் பொறுப்பாளர் முடிவு செய்திருந்தார். அவருடைய பெயர் அம்மான். எங்களுக்குள் இருந்த உறவுமுறை அந்தப் பெயரோடு முடிந்தது.

எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. பரீட்சை ஒழுங்காக நடந்தால் கிழமையில் மூன்று அரைநாள் எனக்குப் படிப்பிக்கும் வேலை தருவதாகவும், அதற்கு அனுமதி கேட்டு வெளிநாட்டார் பொலிசுக்குத் தானே எழுதுவதாகவும் பிராவ் கெல்லர் சொல்லியிருந்தார். அகதி விண்ணப்பம் முடிவாகாதவனுக்கு இங்கே குசினியைத் தவிர வேறு கதவு திறப்பது அபூர்வம்.

வினாத்தாளைத் தயாரித்தேன். சொற்களஞ்சியப் பகுதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு பொருள் கொடுத்துச் சரியானதன் கீழ்க் கோடிடச் சொன்னேன். என் ஆங்கிலம் பாதிரிமார் விட்டுப்போன நூலகத்தில் வளர்ந்தது. ஆகவே உலோபி, தேவாலய முற்றம், நரிவேட்டை, துறவுமடம் முதலிய விஷயங்களில் இந்த எஞ்சினியர்கள் எவ்வளவு தேர்ந்தவர்கள் என்பதை அறிய நான் பெரிதும் முயன்றிருந்தேன்.

பிராவ் கெல்லர் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இவர்கள் ரேபைன் ஓட்ட வந்திருக்கிறார்களா, மடத்தில் சேர வந்திருக்கிறார்களா?" என்று கேட்டார்.

பாதிச் சொற்களை வெட்டினார். கிரகித்தலுக்கு நான் எழுதியிருந்த மூன்று பந்திகளும் நீளமென்று அவற்றிலும் சிவப்புப் பேனாவை ஓட்டினார். ஒரு பக்கத்தில் ஒரு பந்தி, அதன் கீழே கேள்விகள் என்பது அவருடைய சட்டம். பக்கத்தை மீறிய வாக்கியங்கள் போயின. நான் எல்லாவற்றுக்கும் யா சொன்னேன். திருத்திய பந்திகளைக் கேள்விகளோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அன்று குசினியில் பின்னேரச் சாப்பாட்டுக்கு நூறு பேர்.

3

பரீட்சை தொழிற்சாலையின் கூட்ட அறையில் நடந்தது. பதினொரு பேரும் ஒரே மாதிரியான கருநீலக் கோட்டு அணிந்து எனக்கு முன்னரே வந்து அமர்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் மூடியிட்ட ஜாம் போத்தல் ஒன்று. உள்ளே தேயிலை மிதக்கும் வெந்நீர். குழுவின் தலைவர் சென் முப்பத்தைந்து வயதுக்காரர், சுறுசுறுப்பானவர். எழுந்து நின்று எல்லோர் சார்பிலும் எனக்கு நன்றி சொன்னார். தன்னை ஊருக்கு அனுப்பக்கூடிய ஒருவனுக்கு நன்றி சொல்வது எங்கள் ஊர்ப் பரீட்சை மண்டபங்களில் நான் காணாத பண்பு.

லியாங் கடைசி மேசையில் இருந்தார். பதினொரு பேரில் அவர்தான் மூத்தவர். என்னைவிடச் சில வயது கூட. அவர் படித்த காலத்தில் சீனத்துப் பல்கலைக்கழகங்களில் எஞ்சினியர்கள் கற்ற வெளிநாட்டு மொழி ரஷ்யன். நாற்பது வயதுக்குமேல்தான், விடியற்காலையில் றேடியோப் பாடம் கேட்டு, ஆங்கிலத்தைத் தனியாகத் தொடங்கியிருக்கிறார். இதெல்லாம் பிறகு அறிந்தது. அன்று நான் கண்டது, மற்றப் பத்துப் பென்சில்களும் விடாமல் ஓடிக்கொண்டிருக்க, ஒரு பென்சில் மட்டும் மேசையில் படுத்திருந்ததை.

மெல்ல நடந்து அவருக்குப் பின்னால் போய் நின்றேன். சொற்களஞ்சியத் தாளில் கோடிட்ட இடங்களும் இருந்தன, வெள்ளையாக விட்ட இடங்களும் இருந்தன. வெள்ளை அதிகம்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் முடிந்த பின்னேரங்களில் நான் ரியூட்டரி என்ற தனியார் வகுப்பு ஒன்றிலும் படிப்பித்தவன். அங்கே என் புகழுக்குக் காரணம் ஆங்கிலம் அல்ல, எதிர்பார்க்கை வினாத்தாள். வரப்போகும் கேள்விகளை ஊகித்து அச்சடித்து விற்போம். அதில் பாதி வந்துவிட்டால் அடுத்த வருடம் கொட்டிலை நீட்ட வேண்டியிருக்கும். பரீட்சைக்கு முதல்நாள் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கடைசி உபதேசம் எப்போதும் ஒன்றுதான்: "ஒரு கேள்வியையும் வெறுமையா விடாதேங்கோ. தெரியாட்டிலும் எதையாவது எழுதுங்கோ. வெள்ளைத் தாளுக்கு ஒருத்தனும் புள்ளி போடான்."

இருபது வருடப் பழக்கம். குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், ஆங்கிலத்தில் சொன்னேன்: "பிழை விட்டால் புள்ளி குறைக்கமாட்டோம். ஊகித்து ஒன்றைக் கோடிடலாம்."

லியாங் நிமிர்ந்து பார்த்தார். "இந்தச் சொல் எனக்குத் தெரியாது."

"அது பரவாயில்லை. எதையாவது கோடிடுங்கள்."

அவர் யோசித்தார். பிறகு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்: "கோடிட்டால், எனக்குத் தெரியும் என்று நீங்கள் நினைப்பீர்கள்."

முன் மேசையிலிருந்து சென் திரும்பிப் பார்த்தார். நான் நகர்ந்துவிட்டேன். லியாங் அடுத்த தாளைப் புரட்டிப் பந்தியை வாசிக்கத் தொடங்கினார். அவர் வாசிப்பது, கிணற்றுக்குள் இறங்குகிறவன் ஒவ்வொரு படியையும் காலால் தட்டிப் பார்ப்பது போலிருந்தது. கடைசி நிமிடம் வரை வாசித்தார். சொற்களஞ்சியத் தாளுக்கு அவர் திரும்பவேயில்லை.

4

இங்கே குசினிகளில் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இராச் சாப்பாட்டுக்கும் நடுவே வேலைக்காரருக்குச் சில மணிநேர ஓய்வு உண்டு. அதற்குச் 'சிம்மர்ஸ்ருண்ட' என்று பெயர். வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு மேசையைத் துடைத்து, அந்த ஓய்வில் தாள்களைத் திருத்தினேன்.

பத்துப் பேர் தப்பிவிட்டார்கள். சென்னுக்கு அறுபத்தாறு. லியாங்குக்கு ஐம்பத்தெட்டு.

திரும்பக் கூட்டினேன். ஐம்பத்தெட்டுத்தான். பிறகு தாளை ஆறுதலாகப் பார்த்தேன். அவர் கோடிட்ட சொற்களில் ஒன்றுகூடப் பிழையில்லை. கிரகித்தலில் மூன்று பந்திகளுக்கும் விடைகள் எல்லாம் சரி, ஒன்றே ஒன்றைத் தவிர. ஒரு ஹோட்டலில் பழுதான லிப்ட் திருத்த இன்டர்லாக்கன் போகும் எஞ்சினியரைப் பற்றியது மூன்றாவது பந்தி. அவர் ஏன் மறுநாளும் போக வேண்டி வந்தது என்பது கேள்வி. தேவையான உதிரிப்பாகம் வந்துசேரவில்லை என்பது விடை. பத்துப் பேரும் அதைக் கோடிட்டிருந்தார்கள். நான் கொடுத்திருந்த நான்கு விடைகளையும் லியாங் விட்டுவிட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்: "பந்தியில் இது சொல்லப்படவில்லை."

இரண்டு புள்ளிக் கேள்வி அது. நான் பந்தியை வாசித்தேன். மறுபடி வாசித்தேன். உண்மைதான், சொல்லப்படவில்லை. அந்த வாக்கியம் பிராவ் கெல்லரின் சிவப்புப் பேனாவோடு போயிருந்தது. பத்துப் பேர் இல்லாத வாக்கியத்தை வாசித்து விடை எழுதியிருக்கிறார்கள். நானும் இல்லாத வாக்கியத்தை வாசித்துப் புள்ளி போட்டிருக்கிறேன்.

சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியாது. சொன்னால், நான் பரீட்சை வைக்கத் தெரியாதவன் என்பது அம்மானுக்குத் தெரியும். பிழை தன் சிவப்புப் பேனாவால் வந்தது என்பது பிராவ் கெல்லருக்குத் தெரியவரும். வெளிநாட்டார் பொலிசுக்கு எழுதப்போகும் கடிதம் இன்னும் அவருடைய தட்டச்சில்கூட ஏறவில்லை.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் உடனே தீர்மானித்திருப்பான். நான் ஒரு வெங்காயத்தை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பேர்ண் ஞாபகம் வந்தது. அகதி விண்ணப்ப விசாரணை இங்கே இரண்டு முறை நடக்கும். முதலில் சூரிச்சில், பிறகு பேர்ணில். சூரிச்சில் அதிகாரி, "உங்கள் வீட்டிலிருந்து இராணுவ முகாம் எத்தனை கிலோமீற்றர்?" என்று கேட்டார். நான் அளந்ததில்லை. சைக்கிளில் போகிறவன் எவனும் முகாமுக்கு எத்தனை கிலோமீற்றர் என்று அளப்பதில்லை, சுற்றிப் போகும் பாதையைத்தான் தேடுவான். ஆனால் கேள்வி என்று வந்துவிட்டதே. மூன்று என்றேன். பல மாதம் கழித்துப் பேர்ணில் அதே கேள்வி. முன்பு என்ன சொன்னேன் என்பது மறந்துபோயிற்று. ஐந்து என்றேன். தம்பியைப் பிடித்துக்கொண்டு போன வாகனத்தின் நிறத்திலும் அப்படியே. பிடித்தபோது நான் அங்கே நிற்கவேயில்லை, அடுத்த தெருவில் நின்றேன். தெரியாது என்று சொல்லியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்கும். பச்சை என்றேன், பிறகு கபிலம் என்றேன். அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, நிதானமாகக் கேட்டார்: "இதில் எதை நான் நம்ப?"

தம்பி போனது மெய். அதைச் சுற்றி நான் அடுக்கிய விடைகள்தாம் பொய். ஒரு கேள்வியையும் வெறுமையாக விடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவன், பேர்ணில் அந்தப் பரீட்சையை அப்படித்தான் எழுதினேன். முடிவு இன்னும் வரவில்லை.

வெங்காயத்தை மூட்டைக்குள் போட்டேன்.

வீட்டில் மலரிடம் சொன்னேன். அவள் சோற்றுப் பானையை இறக்கிவிட்டுக் கேட்டாள்.

"சொன்னால் அந்த மனிசன் நிப்பாரோ?"

"இரண்டு புள்ளி கூடும். அறுபது. சரியா நிப்பார்."

"நீங்கள் நிப்பியளோ?"

"தெரியாது."

"உங்கடை வாயிலை இந்தச் சொல்லு வந்து இண்டைக்குத்தான் கேக்கிறன்," என்றாள். "சொல்லிப்போட்டு வாங்கோ. அம்மானிட்டைத்தானே போறியள்."

5

அம்மானின் அறையில் அவரும் பிராவ் கெல்லரும் காத்திருந்தார்கள். புள்ளிகளைக் கொடுத்தேன். அம்மான் நேரே கடைசி வரிக்குப் போனார்.

"லியாங். ஐம்பத்தெட்டு. நல்லது, ஒருவர் மட்டும்தான். விமானச்சீட்டுக்குச் சொல்லிவிடுகிறேன்." தொலைபேசியில் கை வைத்தார்.

"ஒரு கேள்வி பிழை," என்றேன். ஜெர்மனில் சொல்லத் தொடங்கி, வினைச்சொல் கிடைக்காமல் ஆங்கிலத்துக்கு ஓடினேன். பந்தியைக் காட்டினேன். பிராவ் கெல்லரின் கழுத்து சிவந்துகொண்டு வந்தது. அம்மான் தொலைபேசியிலிருந்து கையை எடுத்துப் பந்தியை வாசித்தார். அடிப்படையில் அவரும் எஞ்சினியர்.

"ஆக, விடையில்லாத கேள்வி," என்றார். "அப்படியானால் அதை நீக்க வேண்டும். இரண்டு புள்ளி கொடுப்பது எப்படி நியாயம்? எல்லோருக்கும் நீக்கிவிட்டு நூற்றுவீதம் பாருங்கள்."

பார்த்தேன். லியாங்குக்கு ஐம்பத்தொன்பது வந்தது. அம்மானின் கை மறுபடி தொலைபேசிக்குப் போனது.

அப்போதுதான் என் பெரிய முட்டாள்தனத்தைச் செய்தேன். எப்போதோ வாசித்த ஒன்று ஞாபகம் வந்து, வாயை மூடிக்கொண்டிருக்க முடியாமல் சொன்னேன்: "நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் கோடிட்டாலும் நாலுக்கு ஒன்று சரியாக வரும். மூன்று பிழைக்கு ஒரு புள்ளி கழித்தால் அந்த அதிர்ஷ்டம் இல்லாமல் போகும். லியாங்கின் தாளில் பிழை இல்லை. கழிக்க ஒன்றுமில்லை."

அம்மானுக்கு இது பிடித்துவிட்டது. கணக்குப்பொறியை எடுத்து, பதினொரு தாளையும் தானே கழித்துப் புதிய வரிசையை எழுதினார். லியாங் கடைசி இடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்கு ஏறியிருந்தார். தொங்கலில், கடைசி ஆளாக, நின்றது குழுவின் தலைவர் சென்.

"அறுபது என்ற கோட்டை வைத்தால்," என்றார் அம்மான், "ஏழு பேர் போக வேண்டும். லியாங் நிற்கும் இடத்தில் கோட்டை வைத்தால் தலைவர் உட்பட ஆறு பேர் போக வேண்டும்." என்னைப் பார்த்தார். "நீங்கள் ஒருவரைக் காப்பாற்ற வந்தீர்கள், இல்லையா?"

நரிவேட்டை தெரியாத குற்றத்துக்காக ஆறேழு குடும்பஸ்தர்களை நான் விமானத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அம்மான் லியாங்கின் தாளை மறுபடி எடுத்தார். பக்கத்தில் எழுதியிருந்த அந்தச் சின்ன எழுத்தை விரலால் தொட்டார். "ரேபைன் நிற்கும் இடத்தில் கைநூலைப் பார்த்து 'இதில் சொல்லப்படவில்லை' என்று சொல்லக்கூடிய ஒருவர் எனக்கு வேண்டும். ஊகித்து விசையைத் திருப்புகிறவர்களும் இவர்களுக்குள் இருக்கிறார்கள் என்பதும் இப்போது தெரிந்துவிட்டது." தாள்களை அடுக்கினார். "ஒருவரும் போகவேண்டாம். எல்லோருக்கும் ஆங்கில வகுப்பு வையுங்கள், பிராவ் கெல்லர். கால் சுகமான பிறகு உங்கள் ஆசிரியையே வரட்டும்."

வெளியே ட்ராம் நிறுத்தத்தில் பிராவ் கெல்லர் என் கையைக் குலுக்கினார். "நேர்மையாக நடந்துகொண்டீர்கள். தேவைப்பட்டால் மீண்டும் அழைப்போம்," என்றார். இந்த வாக்கியத்தின் பொருளை நான் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. இந்நாட்டில் நான் முதலில் கற்றுத் தேர்ந்தது அதைத்தான்.

பின்னேரம் கோப்பை கழுவினேன்.

6

இதற்குப் பிறகு ஒரு வருடம் லியாங்கை நான் அடிக்கடி கண்டேன். அவர்களுடைய விடுதி ஓர்லிகோனில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து வாங்குப் பலகையில் அமர்ந்து, இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில், பிள்ளைகளைப் பற்றிக் கதைப்போம். அவருடைய மகன் கடிதம் எழுதுவதில்லை. என் மகள் தமிழில் கேட்டால் சுவிஸ் ஜெர்மனில் பதில் சொல்கிறாள். புல்லாங்குழல் மட்டும் நன்றாக வாசிக்கிறாள்.

பரீட்சையைப் பற்றி இருவரும் ஒருபோதும் பேசவில்லை. ஆனால் அந்த அறையில் நடந்தது அவருக்குத் தெரிந்திருக்கும், ஒருநாள் அதைச் சொல்வார் என்று நான் உள்ளுக்குள் காத்திருந்தேன். சொன்னால் எப்படி அடக்கமாக மறுப்பது என்றுகூட ஒத்திகை பார்த்திருந்தேன்.

போன ஞாயிறு அவர் கருநீலக் கோட்டோடு வந்தார். தேயிலைத் தோட்டங்களின் தீவிலிருந்து வந்தவனுக்கு ஒரு டப்பா சீனத் தேயிலை கொண்டுவந்திருந்தார். நான் சுப்பர் மார்க்கெட்டில் வாங்கிய தேயிலையில் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். இருவரும் மற்றவர் நாட்டுத் தேயிலையைப் புகழ்ந்தோம். மலர் வடை சுட்டாள். நான்கு சாப்பிட்டார்.

போகும்போது வாசலில் நின்று சப்பாத்தின் நாடாவை நிதானமாகக் கட்டினார். நிமிர்ந்தார்.

"அந்தப் பரீட்சை," என்றார்.

நான் தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டேன்.

"அம்மான் எனக்குச் சொன்னார். நீங்கள் உங்கள் பிழையை நீங்களே போய்ச் சொன்னீர்கள். மிகவும் நன்றி."

"அது ஒன்றுமில்லை," என்றேன், ஒத்திகைப்படி.

அவர் போகவில்லை. பிறகு மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"இரண்டாவது பந்தியிலும், மணிக்கூட்டுக் கடையைப் பற்றியது, ஒரு கேள்விக்கு விடை இல்லை என்பதைத் திரும்ப வாசித்தபோதுதான் கண்டேன். ஒரே நாளில் உங்களுக்கு இரண்டு தரம் வெட்கம் வேண்டாமே என்று, அதில் மட்டும் ஊகித்து ஒன்றைக் கோடிட்டேன். சரியாக இருந்ததா?"